நிலத்தடித் தளம் தோண்டலாமா? மண்ணையும் தண்ணீரையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்



பழைய வரிசை வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறோம், கீழே ஒரு பேஸ்மெண்ட் தோண்டலாமா? எங்கள் தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நேயர் ஒருவர் எழுப்பிய கேள்வி இது. சிறிய நிலம், வளரும் பிள்ளைகள், வயதான தாயார். காரையும் சாமான்களையும் தாயாரின் அறையையும் கீழே கொண்டுபோய்விட்டால் மேலே தாராளமாக இருக்கலாம் என்பது அவருடைய கணக்கு. அரங்கில் ஒரு கட்டுமானப் பொறியாளரும், ஒரு கட்டடக் கலைஞரும், நிலத்தடித் தளம் உள்ள வீட்டில் குடியிருக்கும் ஒருவரும் இருந்தார்கள். அவர்கள் பேசியதன் சாரம் இதோ.

சிங்கப்பூரில் தரைவீடு வைத்திருப்பவர்கள் சிலரே. அவர்களிலும் பலர் வாழ்நாள் சேமிப்பை ஒரே ஒரு முறைதான் இப்படி மண்ணில் போடுகிறார்கள். கட்டிய பிறகு சுவரின் நிறத்தை மாற்றலாம், சமையலறையை மாற்றலாம். தோண்டிய பள்ளத்தை மட்டும் திரும்பப் பெற முடியாது.

ஆசை எங்கிருந்து வருகிறது?

முதல் காரணம் விதிமுறை. நகர மறுசீரமைப்பு ஆணையம் தரைவீட்டு வட்டாரங்களில் இரண்டு மாடி, மூன்று மாடி என்று உயரத்துக்கு வரம்பு வகுத்திருக்கிறது. நிலத்தடித் தளம் அந்த மாடிக் கணக்கில் சேராது. மேலே போக முடியாதவர்கள் கீழே பார்ப்பது இயல்புதானே?

இரண்டாவது காரணம் வெளிநாட்டுப் பழக்கம். டொரோண்டோவில் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய் வந்தவர்கள் அங்குள்ள பேஸ்மெண்டைப் பார்த்து ஆசைப்படுகிறார்கள். ஆனால், அங்கே குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து விரிந்து கட்டடத்தையே தூக்கிவிடும். அதனால் வீட்டின் அஸ்திவாரம் குறைந்தது 1.2 மீட்டர் ஆழத்துக்குக் கீழே இறங்கியாக வேண்டும். எப்படியும் தோண்டுகிறோம், இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு தளமே கிடைக்கிறது என்பது அவர்கள் கணக்கு. நமக்கு உறைபனி இல்லை. இங்கே நிலத்தடித் தளத்துக்காகத் தோண்டும் ஒவ்வொரு மீட்டரும் கூடுதல் செலவுதான்.

தண்ணீரின் பலம்

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. தாழ்வான பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே நிலத்தடி நீர் தென்படும். அந்த நீருக்குள் கட்டப்படும் அறையைக் கரையில் கட்டிவைத்த படகாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் அதை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும்.

பொறியாளர் சொன்ன கணக்கு எளிது. ஒரு மீட்டர் உயர நீர், ஒரு சதுர மீட்டர் தரையை ஒரு டன் விசையுடன் மேல்நோக்கித் தள்ளும். தளம் 60 சதுர மீட்டர், நீர்மட்டம் தளத்தின் அடியிலிருந்து 3 மீட்டர் உயரம் என்றால் விசை 180 டன். ஒன்றரை டன் எடையுள்ள கார்களில் 120 கார்களைத் தூக்கும் விசை அது! அதைச் சமாளிக்கத் தடித்த கான்கிரீட் தரையும், தேவைப்பட்டால் கீழ்நோக்கிப் பிடித்து இழுக்கும் தூண்களும் வேண்டும்.

கசிவைத் தடுக்கும் பூச்சையும் விரிப்பையும் சுவரின் வெளிப்பக்கத்தில், மண் மூடுவதற்கு முன்பே போட வேண்டும். பிறகு கசிந்தால் பெரும்பாலும் உள்ளிருந்துதான் ஒட்டுப்போட முடியும். நம் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். கசிவே இல்லாவிட்டாலும், காற்றோட்டமில்லாத அறையில் துணியும் புத்தகமும் பூஞ்சை பிடிக்கும்.

பெருமழை பெய்யும்போது

2010 ஜூன் 16ஆம் தேதி ஆர்ச்சர்ட் சாலையில் சுமார் 100 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், லக்கி பிளாசாவின் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்ததையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள். 2021 ஏப்ரல் 17ஆம் தேதி புக்கிட் தீமா வட்டாரத்தில் கால்வாய் நிரம்பிச் சாலையிலேயே கார்கள் சிக்கிக்கொண்டன. வெள்ளம் பள்ளத்தைத் தேடித்தான் வரும்.

அதனால்தான் நிலத்தடித் தளத்தின் நுழைவாயில் குறிப்பிட்ட மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்று பியுபி விதி வைத்திருக்கிறது. கார் முதலில் ஒரு மேட்டில் ஏறிப் பிறகுதான் கீழே இறங்க வேண்டும். சிறிய நிலத்தில் அந்த மேடும் சரிவுப் பாதையுமே பெரும் இடத்தை விழுங்கிவிடும். சேரும் நீரை வெளியேற்ற ஒன்றுக்கு இரண்டு பம்புகள் வேண்டும், மின்சாரம் தடைபட்டாலும் அவை ஓட வழி வேண்டும். தண்ணீர் சேரும் குழியை மூடி வைக்காவிட்டால் அங்கே ஏடிஸ் கொசு குடியேறும். கீழே கழிவறை வைத்தால், வெளியே உள்ள கழிவுநீர்க் குழாய் பெரும்பாலும் அதைவிட உயரத்தில் இருப்பதால், அதற்கும் தனி பம்பு தேவை.

பக்கத்து வீட்டுச் சுவர்

வரிசை வீடுகளில் இரு குடும்பங்களுக்கு ஒரே சுவர். நாம் தோண்டும்போது நிலத்தடி நீர் வடிந்தால் அவர்கள் வீட்டுக்குக் கீழே உள்ள மண்ணும் அமுங்கும், சுவரில் விரிசல் விழும். காலாங் ஆற்றுப் பகுதியிலும் கரையோரங்களிலும் உள்ள மென்மையான கடல் களிமண் இதில் மிகவும் ஆபத்தானது. 2004 ஏப்ரல் 20ஆம் தேதி நிக்கல் நெடுஞ்சாலை இடிந்து நால்வர் உயிரிழந்தது அத்தகைய மண்ணில்தான். அது 30 மீட்டர் அளவு ஆழமான ரயில் பாதைப் பள்ளம், வீட்டுப் பள்ளம் அதில் பத்தில் ஒரு பங்கு. ஆனாலும் மண்ணின் குணம் ஒன்றுதான்.

முப்பது ஆண்டு அண்டை வீட்டு உறவு ஒரு விரிசலில் முறிந்துவிடக் கூடாது. வேலை தொடங்குமுன் அவர்கள் வீட்டுச் சுவர்களை அவர்கள் முன்னிலையிலேயே படம் எடுத்து, இரு தரப்பும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வது நல்லது.

யாருக்குப் பொருந்தும்?

மேட்டுச் சரிவில் நிலம் இருந்தால் தயங்காமல் யோசியுங்கள் என்றார் கட்டடக் கலைஞர். ஒரு பக்கம் மண்ணுக்குள் இருந்தாலும் மறுபக்கம் திறந்திருக்கும். வெளிச்சமும் காற்றும் வரும், மழைநீரும் தானாக வடிந்துவிடும். தாழ்வான, சமதளமான சிறிய நிலத்தில் தோண்டுவதைவிட, மேலே பரண் மாடி சேர்ப்பதே பெரும்பாலும் சிக்கனம்.

தாயாரின் அறையைப் பற்றி மூவருக்கும் ஒரே கருத்து. முதியவரைக் கீழே படுக்க வைக்காதீர்கள். படியேற முடியாதவருக்குத் தீயும் வெள்ளமும் ஒன்றுதான், வெளியேற நேரம் கிடைக்காது. தரைத்தளத்தில் ஜன்னல் உள்ள அறையே அவருக்கு உரியது. கீழே கார், சாமான்கள், இசைப் பயிற்சி, திரைப்பட அறை என்று வைத்துக்கொள்ளலாம்.

கையெழுத்திடுமுன்

முதலில் மண் பரிசோதனை. அதற்கு ஆகும் தொகை மொத்தச் செலவில் சிறு துளி. நீர்மட்டம் எங்கே இருக்கிறது, கீழே என்ன மண், பொதுக் கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்ற மூன்றுக்கும் பதில் வராமல் வரைபடம் போடாதீர்கள்.

அடுத்து, குத்தகையாளரிடம் பேஸ்மெண்ட் உள்ள வீட்டுக்கு ஒரு விலையும், இல்லாத வீட்டுக்கு ஒரு விலையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கிடைக்கப்போகும் சதுர மீட்டரால் வகுத்துப் பாருங்கள். கசிவுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், பம்பைப் பராமரிப்பது யார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

கடைசியாக, கீழே வைக்கப்போகும் பொருள்களைப் பட்டியலிடுங்கள். அதில் பாதி, தூக்கி எறிய மனமில்லாத பழைய சாமான்கள் என்றால், உங்களுக்குத் தேவை நிலத்தடித் தளம் அல்ல. ஒரு சனிக்கிழமையும் நாலைந்து குப்பைப் பைகளும் போதும்.