நிற்க முடியும், நடக்க முடியாது

உள்ளங்கையில் விளக்குமாற்றை நிறுத்தி விளையாடாத பிள்ளை உண்டா? குச்சி முன்னால் சாய்ந்தால் கையும் முன்னால் ஓடவேண்டும். பின்னால் சாய்ந்தால் கையும் பின்னால் போகவேண்டும். இந்த விளையாட்டையே வண்டியாக்கிவிட்டார் அமெரிக்கர் டீன் கேமன். அதன் பெயர் செக்வே.

இடமொன்று வலமொன்றாக இரண்டே சக்கரங்கள், நடுவே நிற்க ஒரு பலகை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பம். ஏறி நிற்பவர் இலேசாக முன்னால் சாய்ந்தால் வண்டி நகரும், நிமிர்ந்தால் நிற்கும். சாய்வைக் கண்டு சொல்ல உள்ளே ஐந்து ஜைரோஸ்கோப் கருவிகள் உண்டு. அவை சொல்வதற்கேற்ப மோட்டார்கள் சக்கரங்களை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். மணிக்கு 20 கிலோமீட்டர் வரை ஓடும்.

2001 டிசம்பர் 3-ஆம் நாள் இதைத் தொலைக்காட்சியில் காட்டியபோது, நகரங்களின் அமைப்பே மாறிவிடும் என்று பேசிக்கொண்டார்கள். விலையோ ஏறக்குறைய 5,000 அமெரிக்க டாலர்! நல்ல கால் உள்ளவன் எதற்காக அவ்வளவு கொடுப்பான்? காவலர்களும் சுற்றுலா நடத்துவோரும் வாங்கினார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். 2020 ஜூலையில் உற்பத்தியும் நின்றது.

ஆனால் இதை வேடிக்கைப் பொருளாக நினைக்காத ஒரு கூட்டம் இருந்தது. செயற்கைக்கால் பொருத்தியவர்கள், மூட்டு தேய்ந்தவர்கள், தசைநோய் கண்டவர்கள். இவர்களில் பலரால் நிற்க முடியும். நாலு வீடு தாண்டி நடக்கத்தான் முடியாது. சக்கர நாற்காலி இருக்கிறதே என்பீர்கள். திருவிழாக் கூட்டத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். அவர் கண்ணுக்குத் தெரிவது சாமி அல்ல, முன்னால் நிற்பவர்களின் இடுப்புத்தான். பேச வருபவர்களும் குனிந்து பேசுவார்கள், குழந்தையிடம் பேசுவது போல. செக்வேயில் போகிறவர் எல்லாரையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசலாம்.

இன்னொரு செய்தி. நடைபாதை விளிம்பில் ஏற முடியாமல் சக்கர நாற்காலிக்காரர் ஒருவர் திண்டாடுவதைப் பார்த்த பிறகே, இரு சக்கரத்தில் எழும்பி நிற்கும் ஒரு நாற்காலியைக் கேமன் உருவாக்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் செக்வே. உடற்பேறு குறைந்தோருக்கான கருவியில் பிறந்து, மற்றவர்களுக்கு விற்கப்பட்டு, கடைசியில் பிறந்த வீட்டுக்கே திரும்பியது! போரில் கால் இழந்த படைவீரர்களுக்கு இதை இலவசமாக வழங்கவே அங்கே ஓர் அமைப்பு தோன்றியது.

குறை இல்லாமல் இல்லை. நிற்கும் பலகை தரையிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர் உயரம். அதில் ஏறக் காலில் கொஞ்சமாவது வலு வேண்டும். மின்சாரம் நின்றால் வண்டி தானாக நிற்காது. அந்த நிறுவனத்தின் உரிமையாளரே 2010 செப்டம்பரில் இங்கிலாந்தில் இந்த வண்டியோடு செங்குத்துச் சரிவில் விழுந்து இறந்துபோனார்.

பெரிய தகராறு வாசலில்தான் வந்தது. இது மருத்துவக் கருவியாக விற்கப்பட்டதல்ல. ஆகவே கடைகளிலும் பூங்காக்களிலும் "வண்டிக்கு அனுமதி இல்லை" என்றார்கள். 2011 மார்ச் 15 முதல் அமெரிக்கச் சட்டவிதி மாறியது. பாதுகாப்புக் காரணத்தைத் தக்கபடி காட்டினாலொழிய, உடற்பேறு குறைந்தவரை இதோடு உள்ளே விடவேண்டும். ஊனமுற்றோருக்கான வாகன அட்டையைக் கேட்கலாம். உனக்கு என்ன நோய் என்று கேட்கக்கூடாது.

கலிபோர்னியாவில், தசைநோய் கண்ட ஒரு பெண்மணி டிஸ்னிலாந்து பூங்காவின் மீது வழக்குத் தொடுத்தார். உட்கார்ந்து எழுவதே அவருக்குச் சிரமம். நாற்காலியில் வரலாமே என்றது நிர்வாகம். எப்படியோ உள்ளே வர முடிகிறது என்பது மட்டும் போதாது என்று 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லி, வழக்கை மறுபடி விசாரிக்க அனுப்பியது. புளோரிடாவில் நடந்த இன்னொரு வழக்கில், கூட்ட நெரிசலில் செக்வே ஆபத்து என்ற வாதமே எடுபட்டது. ஆனால் அங்கே வேறொரு மின்வண்டியைத் தருவதாக ஏற்பாடாயிற்று. அதற்கு நான்கு சக்கரம். அதிலும் நின்றுகொண்டே போகலாம்.