சிரிச்சுக்கிட்டே பால் கொடுங்க!



சேமிப்பை எண்ணி, கடன் தவணை வசூலித்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு நம் குழுக் கூட்டங்களில் ஒரு பேச்சு தானாகவே ஆரம்பிக்கும். பிள்ளை பெத்த கதை, பால் கொடுத்த கதை. "எங்க மூத்தவன் என்ன பண்ணினான் தெரியுமா?" என்று ஒருத்தர் தொடங்கினால் போதும், எல்லோருக்கும் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும்.

ஆனால் அது நடந்த அன்றைக்கு அந்தத் தாய்க்குச் சிரிப்பு வந்திருக்காது. "ஐயோ, மானம் போச்சே" என்று அழுகைதான் வந்திருக்கும். இனிமே கூட்டத்துக்கே வரக்கூடாது என்று முடிவெடுத்தவர்கள் உண்டு. அந்த வெட்கத்தாலேயே புட்டிப்பாலுக்கு மாறியவர்களும் உண்டு. இது பிள்ளையின் சாப்பாட்டு விஷயம். அதனால் நம் பெண்கள் அடிக்கடி சொல்கிற சில சங்கடங்களையும், அவை ஏன் நடக்கின்றன, என்ன செய்யலாம் என்பதையும் இங்கே பார்ப்போம்.

1. அடுத்த வீட்டுப் பிள்ளை அழுதா எனக்கு ஏன் பால் வடியுது?

ரேஷன் கடை வரிசையில் நிற்கிறோம். நம் பிள்ளை வீட்டில் தூங்குகிறது. பின்னால் யாருடைய குழந்தையோ 'வீல்' என்று கத்துகிறது. அவ்வளவுதான், நம் ஜாக்கெட் நனைந்துவிடுகிறது!

இதற்குக் காரணம் நம் உடம்பில் சுரக்கும் ஹார்மோன்கள். புரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலை உண்டாக்குகிறது. ஆக்சிடோசின் என்ற ஹார்மோன், உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. குழந்தை சப்பும்போது இவை இரண்டும் சுரக்கும். ஆனால் ஆக்சிடோசின் கொஞ்சம் அவசரக்காரி. குழந்தையை நினைத்தாலே, அழுகைச் சத்தம் கேட்டாலே வந்துவிடும். அழுவது யார் வீட்டுப் பிள்ளை என்று ரேஷன் கார்டு வாங்கிப் பார்க்க அதற்குத் தெரியாது! ஒரு பக்கம் பால் கொடுக்கும்போது மறுபக்கம் வடிவதும் இதனால்தான்.

என்ன செய்யலாம்? இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு லேசாக அழுத்திப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பார்ப்பவர்களுக்கு ஏதோ யோசனையில் நிற்கிற மாதிரிதான் தெரியும். வெளியே போகும்போது பருத்தித் துணியை நாலாக மடித்து உள்ளே வைத்துக்கொள்ளலாம். நனைந்த துணியை உடனே மாற்றுங்கள். ஈரத்தோடு விட்டால் காம்பில் புண் வரும். பெரும்பாலானவர்களுக்கு முதல் சில வாரங்கள் கழிந்தால் வடிவது தானாகவே குறைந்துவிடும்.

2. மாமியார் மூக்குக் கண்ணாடியில் பால் அபிஷேகம்!

பால் அதிக வேகத்தோடு சுரக்கும்போது குழந்தைக்கு விழுங்க முடியாது. இருமிக்கொண்டு வாயை எடுத்துவிடும். அப்போது பால் பீய்ச்சி அடிக்கும். எதிரே உட்கார்ந்திருப்பது மாமியாரோ, எடை பார்க்க வந்த நர்ஸம்மாவோ, யாராக இருந்தாலும் சரி!

இதற்கு வருத்தப்படாதீர்கள். பால் நன்றாகச் சுரக்கிறது என்று அர்த்தம். சுவரில் சாய்ந்து, குழந்தையை நெஞ்சின் மேல் சாய்த்து வைத்துக் கொடுத்தால் வேகம் குறையும். முதலில் வருகிற வேகமான பாலைத் துணியில் பிடித்துவிட்டு, பிறகு குழந்தையைச் சேர்க்கலாம்.

3. தாத்தா நெஞ்சிலும் தேடும் பிள்ளை

குழந்தையை ஆசையாகத் தூக்கிய தாத்தாவின் சட்டையை அது சப்ப ஆரம்பிக்கும். தாத்தா நெளிவார், வீடே சிரிக்கும். கன்னத்தில் எது பட்டாலும் அந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறப்பது பிறந்த குழந்தையின் இயல்பு. பசிக்கு அதுவும் ஓர் அடையாளம். கையைச் சப்புவது, வாயைத் திறந்து தலையை அப்படியும் இப்படியும் திருப்புவது எல்லாம் பசியின் முதல் சைகைகள். அழுவது கடைசி சைகை. அழுது களைத்த பிள்ளை சரியாகப் பிடித்துக் குடிக்காது. அதனால் தாத்தா சட்டையைத் தேடும்போதே வாங்கிப் பால் கொடுத்துவிடுங்கள்.

4. "ஆ... கடிச்சுட்டான்!"

பல் முளைக்கும் சமயத்தில் ஒரு கடி கடிக்கும் பாருங்கள், கண்ணில் நட்சத்திரம் தெரியும். நாம் 'ஆ' என்று அலறினால் அதுக்கு வேடிக்கை. சிரித்துவிட்டு மறுபடியும் கடிக்கும். நாலைந்து மாதக் குழந்தையோ, யாராவது பேசினால் வாயை எடுக்காமலே தலையைத் திருப்பிப் பார்க்கும். அதோடு நம் உயிரும் சேர்ந்து போகும்.

கடிக்கும்போது வெடுக்கென்று இழுக்காதீர்கள், காம்பு கிழிந்துவிடும். குழந்தையின் வாயோரத்தில் சுத்தமான சுண்டுவிரலை விட்டால் பிடியைத் தளர்த்தும். "கடிக்கக் கூடாது" என்று அமைதியாகச் சொல்லிக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு மறுபடி கொடுங்கள். குழந்தை மும்முரமாகக் குடிக்கும்போது கடிக்க முடியாது. குடித்து முடித்து விளையாடும்போதுதான் கடிக்கும். விளையாட்டு ஆரம்பித்ததும் எடுத்துவிடுங்கள்.

5. கணக்கு நோட்டின் மேல் மஞ்சள் கையெழுத்து

கூட்டத்தில் எல்லோரும் அமைதியாகத் தீர்மானம் கேட்கும்போது மடியில் 'டர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு தீர்மான நோட்டிலும் புடவையிலும் மஞ்சள் கோலம்! பால் வயிற்றில் இறங்கியதும் குடல் அசைய ஆரம்பிக்கும். அதனால் தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பச்சைக் குழந்தை, குடிக்கும் ஒவ்வொரு முறையும் இளகலாகப் போகலாம். இது பேதி அல்ல. ஒன்றிரண்டு மாதம் கழிந்து, சில குழந்தைகள் சில நாட்களுக்கு ஒருமுறைதான் போகும். குழந்தை சுறுசுறுப்பாக இருந்து, எடை கூடி, மலம் இளகலாகவே வந்தால் பயப்பட வேண்டாம். ஒன்று மட்டும் செய்யுங்கள்: நோட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

6. பஸ்ஸில் "பாச்சி வேணும்!"

ஒன்றரை வயதுப் பிள்ளை நிறைந்த பஸ்ஸில் உரத்த குரலில் கேட்டு, முந்தானையையும் பிடித்து இழுக்கும். பக்கத்து சீட்டில், "இவ்ளோ பெரிய பையனுக்கு இன்னுமா?" என்பார்கள். ஆமாம், இன்னும்தான். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதற்குப் பிறகு கூழ், கிச்சடி, பருப்புச்சாதம் போன்ற உணவோடு 2 வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தைரியமாக அதையே பதிலாகச் சொல்லுங்கள். பேசப் பழகும் காலத்திலேயே வேறு ஒரு செல்லப் பெயர் சொல்லிக் கொடுத்துவிட்டால், பஸ்ஸில் என்ன கேட்கிறது என்பது நமக்கு மட்டும்தான் தெரியும்!

7. கொக்கி போட மறந்த கதை

பால் கொடுத்துவிட்டு அப்படியே எழுந்து சந்தைக்குப் போய்ப் பாதி வழியில் நினைவுக்கு வருவது எல்லோருக்கும் நடந்ததுதான். மேல் கொக்கிகளை விட்டுவிட்டுக் கீழ்க் கொக்கிகளை மட்டும் கழற்றிக் கொடுத்துப் பழகுங்கள். மேல்பகுதி மூடியே இருக்கும், முந்தானையும் நிற்கும். எந்தப் பக்கம் கடைசியாகக் கொடுத்தோம் என்பது மறந்து, ஒரு பக்கம் கனத்துப்போகிறதா? ஒரு வளையலை அந்தப் பக்கக் கைக்கு மாற்றிப் போட்டுக்கொண்டால் ஞாபகம் இருக்கும்.

வெட்கத்தால் வரும் நஷ்டம்

இதுவரை சிரித்தோம். இப்போது கவனமாகப் படியுங்கள்.

பச்சைக் குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 தடவை பால் தேவை. கொடுக்கக் கொடுக்கத்தான் சுரக்கும். "நாலு பேர் இருக்காங்க, அப்புறம் கொடுக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் முதலில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். தினமும் இப்படியே நடந்தால் உடம்பு, 'இவ்வளவு பால் தேவையில்லை போல' என்று எண்ணிச் சுரப்பைக் குறைத்துவிடும். பிறகு பால் டப்பா வாங்க வேண்டும், அதற்கு ஒரு கடனும் வாங்க வேண்டும். கழுவாத புட்டியால் வயிற்றுப்போக்கு வந்தால் வைத்தியச் செலவும் சேரும்.

இன்னொன்றும் உண்டு. பதற்றமும் கூச்சமும் ஆக்சிடோசினைத் தடுக்கும். மார்பில் பால் இருந்தாலும் இறங்காது. "கண்ணு பட்டுப் பால் வத்திப்போச்சு" என்று நாம் சொல்வது பல சமயம் இதைத்தான். பால் வற்றவில்லை, வரத் தயங்குகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் முறைக்காமல், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, சிரித்துப் பேசினால் மனசு இளகும், பாலும் இறங்கும்.

குழு என்ன செய்யலாம்?

• கூட்டம் நடக்கும் இடத்தில் ஒரு மூலையில் பாய் விரித்து, தேவைப்படுகிறவர்களுக்குப் புடவையால் மறைப்புக் கட்டிக் கொடுங்கள். மறைப்பு வேண்டாம் என்பவர் சபையிலேயே கொடுக்கட்டும்.

• பச்சை உடம்புக்காரி வரவில்லை என்றால் அபராதம் எழுதும் முன், ஏன் வரவில்லை என்று வீட்டுக்குப் போய்க் கேளுங்கள்.

• தமிழ்நாட்டில் 2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. உங்கள் ஊர் அறை பூட்டிக் கிடந்தாலோ, சாமான் அறையாக மாறியிருந்தாலோ, கூட்டமைப்பு மூலம் மனு கொடுங்கள்.

• வேலைக்குப் போகும் தாய்மார்கள் பாலைப் பீய்ச்சி, சுத்தமான மூடியுள்ள பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போகலாம். நம் ஊர் வெயிலுக்கு 4 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். புட்டி வேண்டாம், பாலாடையில் கொடுக்கலாம்.

சிரித்து ஒதுக்கக் கூடாதவை

மார்பில் ஒரு இடம் சிவந்து, கல் மாதிரி இறுகி, காய்ச்சலும் இருந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு முறையும் காம்பு வலித்து வெடித்தால் குழந்தை வாய் வைக்கும் முறை சரியில்லை. காம்பை மட்டுமல்ல, சுற்றியுள்ள கருத்த பகுதியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியரிடம் காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பிறகு சும்மா சும்மா அழுகை வந்து, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேச:

1. நம் குழுவில் இப்போது பால் கொடுக்கும் தாய்மார்கள் எத்தனை பேர்? அவர்கள் எல்லோரும் கூட்டத்துக்கு வருகிறார்களா?

2. வெட்கத்தால் பாலை நிறுத்தியவர் யாராவது நம் தெருவில் உண்டா?

3. மூத்த உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு பால் கொடுத்த கதை சொல்லுங்கள். முதல் பிள்ளை பெற்றவளுக்கு, 'நமக்கு மட்டும் இப்படி நடக்கலை' என்ற தைரியம் அதில்தான் வரும்.