புறாக் கறியில் ஈயக் குண்டு

சங்கக் கூட்டத்திற்காக ஒரு தோட்டத்திற்குப் போயிருந்தோம். கூட்டம் முடிய இருட்டிவிட்டது. "சாப்பிடாம போகக் கூடாது அண்ணே" என்று ஒரு தோழர் வீட்டுக்கு அழைத்துப் போனார். காட்டுப்புறாக் கறி. பக்கத்துக் கம்பத்துக்காரர் லைசென்ஸ் எடுத்துச் சுட்டதில் இரண்டைக் கொடுத்தாராம். வீட்டுப் பிள்ளை எதையோ 'கடக்'கென்று கடித்துத் துப்பியது. மிளகளவு ஈயக் குண்டு! "நல்லவேளை, பல் போகலே" என்று எல்லாரும் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

பல்லில் அகப்பட்டது ஒரு குண்டு. அகப்படாதது எவ்வளவு? ஈயம் மெதுவான உலோகம். எலும்பில் மோதினால் பொடியாகச் சிதறி இறைச்சியில் கலந்துவிடும். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலோ இன்னும் கரைந்து குழம்பில் இறங்கும்.

பெரியவர்களைவிடச் சிறு பிள்ளைகளின் உடம்பு நாலைந்து மடங்கு வரை கூடுதலாக ஈயத்தை இழுத்துக்கொள்ளும். வளரும் மூளையைக் கெடுக்கும், படிப்பை மந்தமாக்கும். வயிற்றுப் பிள்ளையையும் விடாது. ஆபத்தில்லாத அளவு என்று ஒன்று தெரியவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வெயிலிலும் மழையிலும் உழைத்து நாம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது இதற்கா?

பறவைகளுக்கும் இதே கதிதான். தீனியை அரைக்கக் கல் பொறுக்கும் வாத்து, மண்ணில் கிடக்கும் குண்டையும் விழுங்கிச் சாகிறது. அதனால்தான் அமெரிக்கா 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டைத் தடுத்தது. டென்மார்க் 1996இல் ஈயக் குண்டையே விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023 பிப்ரவரி முதல் சதுப்பு நிலங்களில் தடை போட்டது.

மாற்று இல்லாமல் இல்லை. இரும்புக் குண்டு இருக்கிறது. அது எடை குறைவு. ஆகவே கொஞ்சம் பெரிய குண்டாக எடுத்து, கிட்டப் போய்ச் சுட வேண்டும். பழைய துப்பாக்கியின் குழாயைக் கெடுக்கக்கூடும். விஷயம் தெரிந்தவரிடம் காட்டிய பிறகே போட வேண்டும். பிஸ்மத் குண்டு பழைய துப்பாக்கிக்கும் ஒத்துவரும், விலைதான் கூடுதல்.

"சுடுவது நாங்கள் இல்லையே" என்பீர்கள். சட்டியில் போடுவது நாம்தானே? கொண்டுவருபவரிடம், "அபாங், இது ஈயமா, இரும்பா?" என்று கேளுங்கள். ஈயம் என்றால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கண்டிப்பாக வேண்டாம். காயத்தைச் சுற்றி வெட்டி எறியலாம் என்றால், கையளவு புறாவில் எதை எறிவது, எதை வைப்பது? எறிந்ததைக் கோழிக்கும் நாய்க்கும் போடவும் கூடாது.

கூலியைக் கேட்டு வாங்கப் பழகினோம். கறியையும் கேட்டு வாங்கப் பழகுவோம்!