மகள் நடிக்க வேண்டுமாம்!

சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று எங்கள் வீட்டில் வட்டிலப்பம் அவித்தோம். விஞ்ஞானம், கணிதம் இரண்டிலும் மகளுக்கு 'ஏ' சித்தி. பிள்ளைகளின் வாப்பா அயல் வீடுகளுக்கெல்லாம் பகிர்ந்து அனுப்பிவிட்டு, "இனி டொக்டர் வீடுதான்" என்று வாசலில் நின்று சிரித்தார். மூன்றாம் நாள் இரவு நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது மகள் பின்னால் வந்து நின்றாள்.

"உம்மா, நான் கலைப் பிரிவுதான் எடுக்கப் போறேன். நாடகமும் அரங்கியலும் படிக்கணும். எனக்கு நடிக்கணும்."

கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினேன். அன்று நான் சொன்னவை எல்லாம் நினைவில் இருக்கின்றன. எழுத வெட்கமாக இருக்கிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள், யார் பெண் கேட்டு வருவார்கள், அந்தத் தொழிலில் யார் சோறு சாப்பிட்டார்கள் என்றெல்லாம் கேட்டேன். கடைசிக் கேள்வியில் மட்டும் கொஞ்சம் நியாயம் இருந்தது. நமது நாட்டில் தமிழில் நடித்து அதை மட்டுமே நம்பி வாழ்ந்தவர்களை எண்ணுவதற்குக் கைவிரல்கள் போதும். அவளோ அழவில்லை. "ரேடியோவில மரிக்கார்ட கதையச் சொல்லிச் சொல்லி நீங்களும் உம்மம்மாவும் சிரிப்பீங்களே, அது நடிப்பு இல்லயா?" என்று கேட்டாள்.

என் உம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் அந்தக் கதை இலங்கை வானொலியில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்'. 1976 இல் அது 'கோமாளிகள்' என்ற பெயரில் திரைப்படமாகவும் வந்தது. அதில் மரிக்காராகப் பேசியவர் எஸ். ராமதாஸ். முஸ்லிம் அல்லாத அவர் 2016 இல் மறையும் வரை 'மரிக்கார் ராமதாஸ்' என்றே அறியப்பட்டார். அதே கதையில் ஐயராக வந்தவர் நமது பி. எச். அப்துல் ஹமீத்! ஒருவர் இன்னொருவராகி நிற்பதை நாங்கள் மூன்று தலைமுறையாக ரசித்துத்தான் இருக்கிறோம். நமது வீட்டுப் பிள்ளை கேட்டால் மட்டும்தான் கசக்கிறது.

என்றாலும் எனக்கு வேறொரு மனக்குறை இருந்தது. மகள் பாடப்புத்தகம் தவிர எதையும் வாசிக்க மாட்டாள். நானோ வாசிப்பால் ஏச்சு வாங்கி வளர்ந்தவள். அக்குறணையில் எங்கள் வாப்பாவுக்குப் பலசரக்குக் கடை. பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் நிறுத்து வாங்கி, வீட்டில் நாங்கள்தான் கடதாசிப் பை ஒட்டிக் கொடுப்போம். பசை பூசுவதற்கு முன் நான் வாசித்துவிடுவேன். பாதிக் கதை ஒரு பையில் போகும், மீதிப் பாதி எந்த வீட்டுப் பருப்போடு போனதோ தெரியாது. முடிவு கிடைக்காத கதைகளுக்கு இரவில் படுத்துக்கொண்டு நானே முடிவு கட்டுவேன். பிங்கா ஓயா பெருகிக் கடைக்குள் வெள்ளம் புகுந்த நாட்களில் வாப்பா சீனி மூட்டையைத் தூக்குவார். நான் கடதாசிக் கட்டைத் தூக்குவேன்.

பெரியவளான பிறகு, "கதைப் புத்தகம் படிக்கிற குமரு கெட்டுப் போகும்" என்று மூத்தம்மா தலையணைக்குக் கீழிருந்து பிடுங்கி அடுப்பில் வைத்திருக்கிறார். அவரைக் குறை சொல்லவில்லை, அன்றைய பயம் அப்படி. ஆனால் இலங்கையின் முதலாவது தமிழ் நாவல் என்று கொள்ளப்படும் 'அசன்பே சரித்திரம்' 1885 இல் வெளிவந்தது. எழுதியவர் எங்கள் கண்டியின் அறிஞர் சித்திலெப்பை! இதை நான் அறிந்தது திருமணத்துக்குப் பிறகு, கண்டி டி. எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகத்தில். அப்போது மூத்தம்மா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன்.

ஆகவே மகளுக்கு நான் ஒரு நிபந்தனை விதித்தேன். கலைப் பிரிவுக்கு வாப்பாவைச் சம்மதிக்க வைப்பது என் பொறுப்பு. ஆனால் நடிக்கிற நாடகம் எதுவானாலும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவள் வாசிக்க வேண்டும். "அவ்வளவுதானே" என்றாள்.

வாப்பாவைச் சம்மதிக்க வைக்க இரண்டு மாதம் பிடித்தது. நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பரீட்சைப் பாடம். மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. படித்துவிட்டு ஆசிரியையாகவும் வரலாம் என்று ஒவ்வொன்றாக அவர் காதில் போட்டேன். "ஆசிரியை" என்ற சொல்தான் வேலை செய்தது. அதைத் தந்திரம் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

அடுத்த வருடம் பாடசாலையில் ஒரு நாடகம் போட முடிவாயிற்று. பெண் பிள்ளைகள் மட்டும் நடிப்பது, தாய்மார் மட்டும் பார்ப்பது என்ற ஏற்பாடு. ஆசிரியை தெரிந்தெடுத்தது நோர்வே நாட்டு ஹென்ரிக் இப்சனின் 'பொம்மை வீடு'. எங்கள் மகளுக்குக் கதாநாயகி நோராவின் பாகம். கணவன் ஹெல்மராக வகுப்பிலேயே உயரமான பிள்ளை மீசை வைத்து வரும். போட்டோப் பிரதியோடு வீட்டுக்கு வந்தவள் அன்றிரவே மஞ்சள் பேனையால் தன் வசனங்களுக்கு மட்டும் நிறம் பூசினாள். மற்றவர் வசனம் எதையும் பார்க்கவில்லை.

"நிபந்தனை?" என்றேன்.

"இது பாடமாக்க, உம்மா. வாசிக்கிறது வேற."

அந்த வாரம் பணம் கொடுத்தவனாக, குரொக்ஸ்டாட் என்ற பாத்திரத்தில் நடிக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல். ஒத்திகைக்கு ஆள் இல்லை. நான்தான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே குரொக்ஸ்டாட் ஆனேன். நடிக்கத் தெரியாத எனக்கு வாசிக்கத் தெரியும் அல்லவா?

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நோராவின் கணவனுக்குக் கடும் நோய். வெப்ப நாடு சென்றால்தான் பிழைப்பான். கணவனுக்குத் தெரியாமல் அவள் கடன் வாங்கி அவனை இத்தாலிக்குக் கூட்டிப் போய்க் காப்பாற்றுகிறாள். மனைவி கணவனின் சம்மதமின்றிக் கடன் பெற முடியாத காலம் அது. ஆகவே பிணை நிற்பவராகத் தன் தகப்பனின் கையொப்பத்தைத் தானே இட்டுவிடுகிறாள். பிறகு வருடக் கணக்காகத் தன் உடைச் செலவில் மிச்சம் பிடித்தும், இரவில் கதவைப் பூட்டிக்கொண்டு பிரதி எழுதும் வேலை செய்தும் சிறுகச் சிறுக அடைக்கிறாள். கணவனோ அவளைச் செலவாளி என்று செல்லமாகக் கண்டித்துக்கொண்டிருக்கிறான்!

அந்தப் பத்திரத்தைப் பற்றி நோராவிடம் குரொக்ஸ்டாட் பேசும் இடத்தை நான் வாசித்தபோது மகள் கையை நீட்டித் தடுத்தாள். பக்கங்களைப் புரட்டினாள்.

"உம்மா, அவட வாப்பா மௌத்தானது செப்டெம்பர் 29. ஒப்பத்துக்குப் பக்கத்தில போட்டிருக்கிற திகதி ஒக்டோபர் 2. மௌத்தாகி மூணு நாளைக்குப் பிறகு எப்படி ஒப்பம் வைக்கிற? அப்படியெண்டா, இவன் திகதியச் சொல்லத் தொடங்கக்குள்ளேயே நோராவுக்கு நெஞ்சு பதறத் தொடங்கியிருக்கும். நான் சும்மா நிண்டுகொண்டு இருக்கேனே!"

அன்று இரவு அவள் முழு நாடகத்தையும் வாசித்தாள். லைட்டை அணைக்கச் சொல்லி வாப்பா இரண்டு முறை சத்தம் போட்டார். மறுநாள் காலையில் நோராவுக்கு எத்தனை பிள்ளைகள், தாய் எங்கே, அந்தத் தாதிப் பெண் யார் என்றெல்லாம் ஒரு கொப்பியில் எழுதியிருந்தாள். ரஷ்யாவில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி என்ற நாடக மேதை, பாத்திரத்தின் சூழ்நிலையை எழுத்திலிருந்தே தோண்டி எடுக்கும்படி நடிகர்களுக்குக் கற்பித்தார் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். வசனத்தில் இருப்பதைவிட வசனத்துக்கு முன்னால் நடந்ததை அறிய வேண்டுமாம். அடுப்படியில் பாதிக் கதைக்குப் பின்பாதி கட்டிய எனக்கு இது புதிதாகப் படவில்லை. ஆனால் அதைச் சொல்லி அவள் உற்சாகத்தைக் குறைப்பானேன் என்று பேசாமல் இருந்தேன்.

சிரிப்பும் இருந்தது. நாடகத் தொடக்கத்தில் நோரா, கணவன் தடுத்திருக்கும் ஓர் இனிப்பை ஒளித்து ஒளித்துத் தின்ன வேண்டும். அந்த இனிப்பு இங்கே கிடைக்காது. நான் கிண்டிய மஸ்கட் துண்டைக் கொடுத்து அனுப்பினேன். ஒத்திகையில் அது பல்லில் ஒட்டி மூன்று வசனம் வெளியே வரவில்லையாம். பிறகு பிஸ்கட்டுக்கு மாறினார்கள்.

ஆனால் முடிவு சிரிக்கிற விடயமல்ல. உண்மை தெரிந்ததும் ஹெல்மர் அவளைத் தூற்றுகிறான், பிள்ளை வளர்க்கத் தகுதியற்றவள் என்கிறான். பத்திரம் திரும்பக் கிடைத்துத் தன் மானம் தப்பியது என்றதும் மன்னித்துவிட்டதாகச் சொல்கிறான். நோரா உடை மாற்றிக்கொண்டு வந்து, நிதானமாகப் பேசி, மூன்று பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறாள்.

இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹெல்மரில் ஆத்திரம் வந்தது உண்மை. ஆனால் தூங்குகிற பிள்ளைகளைத் திரும்பிப் பாராமல் போக ஒரு தாய்க்கு எப்படிக் கால் வரும்? பாடசாலையிலும் இதே கலக்கம். நோரா கதவடியில் அப்படியே உட்கார்ந்துவிடுவதாக முடித்தால் என்ன என்று பொறுப்பில் உள்ளவர்கள் கேட்டார்கள்.

அப்போதுதான் ஆசிரியை பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொன்னார். இந்நாடகம் 1879 டிசம்பரில் கோபன்ஹேகனில் முதன்முதல் மேடையேறியது. மறு வருடம் ஜேர்மனியில் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன்-ராபே என்ற புகழ்பெற்ற நடிகை, என் பிள்ளைகளை நான் ஒருபோதும் விட்டுப் போக மாட்டேன், இந்த முடிவை நடிக்கவும் மாட்டேன் என்று மறுத்துவிட்டார். வேறு யாராவது தன் நாடகத்தைத் திருத்தினால் அதைத் தடுக்க அன்று சட்டப் பாதுகாப்பு இருக்கவில்லை. ஆகவே இப்சனே மனமில்லாமல் வேறு முடிவு எழுதிக் கொடுத்தார். அதில் கணவன் அவளைப் பிள்ளைகள் தூங்கும் அறைவாசலுக்கு இழுத்துச் செல்ல, அவள் தளர்ந்து விழுகிறாள். அம்முடிவை இப்சன் கடைசிவரை வெறுத்தார்.

"நான் அந்த நடிகை பக்கம்" என்று சொல்லிவிட்டேன்.

மகள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அவ உண்மையில வாசிச்சிருக்கா உம்மா, அதனாலதான் மறுத்திருக்கா. ஆனா நோரா நான் இல்லையே. நான் போக மாட்டேன். நோரா போறா. அவ ஏன் போறா எண்டு எனக்கு விளங்கினாப் போதும்."

பதினேழு வயதுப் பிள்ளையிடம் இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. நடிப்பு என்றால் சாயம், வெளிச்சம், கைதட்டல் என்றுதான் அவள் ஆசைப்படுகிறாள் என நினைத்திருந்தேன். இருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். அவள் சொன்னது எனக்கு முழுதாகச் சம்மதமில்லை. இன்றும் இல்லை.

கடைசியில் இப்சன் எழுதியபடியே விட்டார்கள். மேடையில் கதவு கிடையாது. திரைக்குப் பின்னால் ஒரு பிள்ளை பழைய வாங்கு மேசையின் மூடியை ஓங்கி அடித்தாள். மண்டபம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. பிறகு எங்கோ ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது. வெளியே வந்ததும் வாசலில் தாய்மார் பிடித்துக்கொண்டார்கள். "அவ போனா பிள்ளைகள யாரு பாக்கிற?" என்று ஒருவர். "அவன் அப்படிப் பேசினதுக்கு இருந்து என்ன செய்ற?" என்று இன்னொருவர். பஸ் வரும் வரையும் வாக்குவாதம் ஓயவில்லை, பஸ்ஸுக்குள்ளும் தொடர்ந்தது. மாமியாரும் மருமகளும் எதிரெதிர்ப் பக்கம் நின்று பேசியதையும் கண்டேன். யார் எந்தப் பக்கம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், மாமியார்தான் நோரா பக்கம்!

இனி நான் ஒளித்து வைத்திருந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2022 இல் நாடே வரிசையில் நின்றபோது இவரது கடையில் விற்கச் சாமான் இல்லை. பிள்ளைகளின் டியூஷன் காசு மூன்று மாதம் பாக்கி. கண்டிக்குப் போய் என் கலியாணக் காப்பில் ஒரு சோடியை விற்றேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சீட்டுக் காசு விழுந்தது என்றேன். குசினியில் நாடகம் வாசித்த நாட்களில் மகள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் நேரடியாகக் கேட்டும்விட்டாள். அவளிடம் மறைக்கவில்லை.

தாய்மார் மட்டும் பார்க்கும் நாடகம் ஆனபடியால் இவருக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. கணக்குப் புத்தகமும் பத்திரிகையும் தவிர வேறெதுவும் வாசிக்காத மனிதர், மேசையில் கிடந்த அந்தப் போட்டோப் பிரதியை எடுத்து இரண்டு இரவுகள் வாசித்தார். மஞ்சள் பூசிய இடங்களில் விரல் வைத்து மெதுவாக வாசித்தார். மூன்றாம் இரவு சாப்பாட்டு மேசையில் எங்கள் மூவரையும் தவிர வேறு யாரும் இல்லை.

"காப்புச் சோடி போனது எனக்குத் தெரியும்" என்றார் சோற்றைப் பிசைந்தபடி. "அந்தக் கிழமையே கண்டேன்."

எனக்குத் தொண்டை அடைத்தது. மகள்தான் பேசினாள்.

"கண்டீங்கதானே வாப்பா? அப்ப ஏன் கேக்கல்ல?"

அவர் பிசைவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நான் தேத்தண்ணீர் ஊற்ற எழும்பிவிட்டேன்.