நல்ல நாளுக்கென்று எடுத்து வைத்தது

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிவதற்கு முன்பே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வீசிய காற்றில் எங்கள் கோடியக்கரையில் ஓடு தங்கிய வீடும் குறைவு, மரம் தங்கிய கொல்லையும் குறைவு. காட்டில் மான்களும் குதிரைகளும் செத்துக் கிடந்தன. பிறகு இழப்பைக் கணக்கெடுத்தார்கள். வீடு, படகு, வலை, தென்னை, ஆடு, மாடு. எடுத்தே ஆகவேண்டிய கணக்குதான் அது. ஆனால் பெண்கள் என்னிடம் தனியாக வந்து, குரலைத் தணித்துச் சொன்ன இழப்புகளுக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. ஒருத்திக்கு வளைகாப்பு வளையல் வைத்திருந்த டப்பா போய்விட்டது. இன்னொருத்திக்கு வெளிநாட்டில் இருந்த புருஷன் போன் இல்லாத காலத்தில் எழுதிய கடிதங்கள். ஒரு பாட்டிக்கு, அவர் வீட்டுக்காரர் கடைசியாகப் போட்டிருந்த மூக்குக் கண்ணாடி.

அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சத்துமாவு கொடுக்கவும் குழந்தையை எடை போடவும் வீடு வீடாகப் போயே வயதானவள். அதனால் எந்த வீட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பது ஓரளவு எனக்குத் தெரியும். நிவாரண முகாமில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒருத்தி சொன்னாள்:

"டீச்சரு, ஊருல உசுரே போயிருக்கு. நான் ஒரு பழம்பொடவைக்காவ அழுவுறேன். எனக்கே கேவலமா இருக்கு."

"யாரு பொடவைம்மா?"

"எங்கம்மா பொடவை. மூணு புள்ளையையும் அதுலதான் தூளி கட்டிப் போட்டேன்."

புடவை போன வருத்தம் ஒன்று. புடவைக்காக வருந்துகிறோமே என்று தன்னைத்தானே ஏசிக்கொண்ட வருத்தம் இன்னொன்று. முதலாவதைப் புயல் கொடுத்தது. இரண்டாவதை அவளே தன் தலையில் ஏற்றிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி இதே காரணத்துக்கு அழுதிருந்தால் இவள் என்ன செய்திருப்பாள்? முதுகைத் தடவி, "அழுதுடு, மனசு ஆறும்" என்று சொல்லி, ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருப்பாள். ஊருக்கெல்லாம் கொடுக்கிற அந்த ஒரு வாய் தண்ணீரைத் தனக்கு மட்டும் கொடுத்துக்கொள்ள அவளுக்குத் தெரியவில்லை.

இதைத்தான் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் உளவியல் அறிஞர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். தன்னிடம் தானே பரிவாக இருப்பதில் மூன்று சங்கதிகள் இருப்பதாக அவர் பிரித்துக் காட்டினார். முதலாவது, சிரமப்படும் நேரத்தில் தன்னைத் திட்டாமல் ஆதரவாகப் பேசுவது. இரண்டாவது, இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல, மனுஷப் பிறவிக்கே உள்ளது என்று உணர்வது. மூன்றாவது, வலியை மறைக்கவும் செய்யாமல், அதற்குள் மூழ்கவும் செய்யாமல், இப்போது வலிக்கிறது என்று நேராகப் பார்ப்பது. இந்த மூன்றையும் எங்கள் ஊர்ப் பெண்கள் அடுத்தவர் விஷயத்தில் அன்றாடம் செய்கிறார்கள். சாவு வீட்டில், பிரசவ அறையில், படகு திரும்பாத இரவில் அவர்களைவிட நன்றாகச் செய்பவர்களை நான் பார்த்ததில்லை. தன் விஷயம் என்று வந்தால் மட்டும், "நான் ஒரு துப்புக்கெட்டவ" என்பார்கள்.

தூளிப் புடவை அற்ப விஷயம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். குழந்தை பிறந்ததும் எங்கள் பக்கம் புதுத்துணி போட மாட்டோம். வீட்டில் வாழ்ந்து பழுத்த ஒருவரின் பழைய வேட்டியையோ புடவையையோ கிழித்துத்தான் போர்த்துவோம். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன நூல் துணி பிஞ்சு உடம்பை அறுக்காது என்பது ஒரு காரணம். அவர் ஆயுசு இதற்கும் வரட்டும் என்பது மற்றொன்று. தூளிக்கும் அம்மாவின் அல்லது அம்மாச்சியின் புடவைதான். மஞ்சளும் வியர்வையும் அடுப்புப் புகையும் கலந்த வாசனை அதில் இருக்கும். குழந்தை அந்த வாசனைக்குத்தான் தூங்கும். விழுந்த தொப்புள் கொடியைக் காயவைத்து வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவார்கள். ஒரு மனிதருக்கென்று முதன்முதலில் எடுத்து வைக்கப்படும் நினைவுப் பொருள் அதுதான்.

எங்கள் அங்கன்வாடிக்கு ஒரு பையன் வருவான். அம்மாவின் புடவை முந்தானைத் துண்டு ஒன்று எப்போதும் கையில் இருக்கும். அதன் ஓரத்தை மேலுதட்டில் தேய்த்துக்கொண்டேதான் தூங்குவான். மண்ணில் இழுபடும், கஞ்சியில் தோயும். ஒரு நாள் அவன் பாட்டி அதைச் சோப்புப் போட்டு வெளுத்துவிட்டார். வாசனை போன அந்தத் துணியை மோந்து பார்த்துவிட்டு, யாரோ அந்நியர் கொடுத்ததைப்போல் கீழே வைத்தான். அன்று மதியம் அவன் தூங்கவேயில்லை. டொனால்ட் வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் 1953-இல் வெளியிட்ட கட்டுரையில் இப்படிப்பட்ட துணிகளையும் பொம்மைகளையும் பற்றி விளக்கியிருக்கிறார். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்தைத் தாங்கிக்கொள்ளக் குழந்தை தானே கண்டுபிடித்துக்கொள்ளும் துணை அது என்றும், அதைப் பெரியவர்கள் மதிக்க வேண்டும் என்றும் அவர் கருதினார். பழைய அழுக்குத் துணி என்று பிடுங்கப் போகும் பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: அந்தப் பிள்ளை தன்னைத் தானே தேற்றிக்கொள்ளப் படித்துக்கொண்டிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

பெரியவர்களான பிறகும் அந்தத் தேவை போய்விடுவதில்லை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் 82 குடும்பங்களிடம், உங்கள் வீட்டில் உங்களுக்கு அருமையான பொருள் எது, ஏன் என்று கேட்டு மிஹாய் சிக்சென்ட்மிஹாயி, யூஜின் ராக்பெர்க்-ஹால்டன் என்ற இருவர் 1981-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். நாற்காலி, படம், போட்டோ, பாத்திரம் என்று சாதாரணப் பொருள்களைத்தான் மக்கள் காட்டினார்கள். ஏன் என்ற கேள்விக்கு விலையைச் சொன்னவர்கள் குறைவு. கொடுத்தவரையும் கூட இருந்தவரையும் சொன்னவர்களே அதிகம்.

விலைக்கும் மதிப்புக்கும் உள்ள தூரம் எங்கள் தாலுகாவுக்குப் புதிதல்ல. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட உப்பு சத்தியாகிரகிகள் வேதாரண்யத்துக்கு நடந்து வந்து, 30-ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். கடைக்குக் கொண்டுபோனால் அந்த ஒரு பிடி உப்புக்கு என்ன கிடைத்திருக்கும்? இன்றும் ஆண்டுதோறும் அதே நாளில் அங்கே உள்ள நினைவுத் தூணருகே கூடி உப்பு அள்ளுகிறார்கள். ஊரே சேர்ந்து ஒரு பிடி உப்பைப் போற்றினால் அது வரலாறு. ஒருத்தி தன் தாயின் புடவையைப் போற்றினால் மட்டும் அசட்டுத்தனமா?

என் அப்பா அந்த அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில்தான் கூலிக்கு உப்பு வாரினார். விடியற்காலையில் எவர்சில்வர் தூக்கில் பழைய சோறும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு போவார். தூக்கின் மூடியில் அம்மாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். திருவிழாக் கடையில் பாத்திரம் வாங்கும்போது பெயர் வெட்டித் தருவார்களே, அந்த எழுத்து. வெட்டியவருக்கு இடம் போதாமல் கடைசி எழுத்து மட்டும் சிறுத்து, வளைவில் ஏறி நிற்கும். அப்பா காலமான பிறகு அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தோம். கஜாவுக்கு மறுநாள் பரண் தரையில் கிடந்தது. நனைந்த ஓலைக்கும் உடைந்த ஓட்டுக்கும் அடியிலிருந்து அந்தத் தூக்கைப் பிடுங்கி எடுத்தேன். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. பெயர் அப்படியே இருந்தது.

புயலுக்குப் பிறகு பெட்டிகளைத் திறந்தபோது பல வீடுகளில் நான் பார்த்தது மனதை அறுத்தது. நல்ல நாளுக்கென்று வைத்த பட்டுப்புடவைகள் சாயம் இறங்கி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த போர்வை, விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல் பூஞ்சை பூத்திருந்தது. விருந்தாளிக்கென்று ஒதுக்கிய கண்ணாடித் தம்ளர்கள் அட்டைப் பெட்டியோடு நொறுங்கிக் கிடந்தன. அந்த நல்ல நாளுக்கு உரியவர்கள் தாங்கள்தான் என்று அந்தப் பெண்கள் நினைத்ததேயில்லை. தனக்கு விளிம்பு நெளிந்த தம்ளர், அடி கருகிய சோறு, முந்தாநாள் குழம்பு. எடுத்து வைத்ததை எடுத்து அனுபவிக்கவும் தனக்குப் பாத்தியதை உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

தன்னிடம் பரிவு காட்ட வேண்டும் என்றால் மலைப் பிரதேசத்துக்குப் போக வேண்டும், அழகு நிலையத்துக்குப் பணம் கட்ட வேண்டும் என்று இப்போது விளம்பரங்கள் சொல்கின்றன. எங்கள் ஊரில் அதற்கு வழியும் இல்லை, தேவையும் இல்லை. நான் அப்பாவின் தூக்கைப் பரணில் ஏற்றவில்லை. கடைத்தெருவுக்குப் பால் வாங்கப் போவது அதில்தான். வாசலில் உட்கார்ந்து ஆறவைத்துக் காப்பி குடிப்பது அம்மாவின் பித்தளை டபராவில். அந்தக் கால் மணி நேரம் யாருக்கும் எதுவும் செய்வதில்லை. கண்ணில் படுகிற, கையில் புழங்குகிற பொருள் நம்மை வளர்த்தவர்களை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பக்கத்தில் கூட்டிவருகிறது. கிழிந்துபோகுமே என்று பயப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பெட்டிக்குள்ளும் கிழியும். மடிப்பு மாற்றாமல் வைத்த பட்டு மடித்த கோட்டிலேயே இற்றுவிடும். கடற்கரை ஊர் உப்புக்காற்றுக்குத் தகரப் பெட்டியும் துரு ஏறிக் கறையை இறக்கும்.

நனைந்து போனவற்றிலும் மீட்கக் கூடியவை உண்டு. 2011 மார்ச் 11-இல் ஜப்பானைச் சுனாமி தாக்கிய பிறகு, சேற்றில் கிடைத்த லட்சக்கணக்கான குடும்பப் போட்டோக்களைத் தன்னார்வலர்கள் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றாகக் கழுவி, காயவைத்து, சொந்தக்காரர்கள் வந்து அடையாளம் பார்த்து எடுத்துப்போக வைத்தார்கள். மியாகி மாகாணத்தில் யமமோட்டோ என்ற சிறு ஊரில் இந்த வேலை பெரிய அளவில் நடந்தது. வீடும் வாசலும் போனவர்களுக்கு எதற்குப் போட்டோ என்று அவர்கள் கேட்கவில்லை. எங்கள் நாகை மாவட்டத்தில் 2004 சுனாமி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பிள்ளையைப் பறிகொடுத்து, அதன் முகம் பார்க்க ஒரு படமும் மிஞ்சாத தாய்மாரை நான் அறிவேன். அவர்களிடம் கேட்டால் தெரியும் போட்டோ எதற்கென்று.

வழி சொல்கிறேன். நனைந்த போட்டோக்கள் ஒட்டிக் காய்ந்துவிட்டால் பிரிப்பது கடினம். ஈரமாக இருக்கும்போதே தட்டில் குளிர்ந்த நல்ல தண்ணீரை ஊற்றி அதில் போட வேண்டும். தானாக நெகிழ்ந்து கொடுத்த பிறகு மெல்லப் பிரித்து, படம் மேலே தெரிய, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலும் இஸ்திரிப் பெட்டியும் ஆகாது. படத்தின் முகத்தை விரலாலோ துணியாலோ துடைக்கவே கூடாது. பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக் காய்ந்த படத்தை உரிக்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்து அப்படியே போனில் படம் பிடித்தால், ஸ்டூடியோவில் அதைச் சரிசெய்து புதிதாகப் போட்டுத் தருவார்கள்.

எல்லாவற்றையும் கட்டிக் காக்க வேண்டும் என்றும் நான் சொல்ல மாட்டேன். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சை இறுக்குகிற பொருளும் இருக்கும். அடித்து விரட்டிய புருஷன் வீட்டுக் கூறைப்புடவையைப் பதினைந்து வருஷம் பெட்டியில் வைத்திருந்தாள் ஒருத்தி. தூக்கிப் போட்டால் பாவமோ என்று பயம். "ஏம்மா, உன்னை அழவைக்கிறதை எதுக்குக் காவல் காக்கிற?" என்று கேட்டேன். கோடியக்கரையில் அந்தப் புடவையை இப்போது யாரும் பார்க்க முடியாது. வெட்டித் தலையணை உறையாகவும் மிதியடியாகவும் தைத்துவிட்டாள். மிதியடியைக் காட்டி அவள் சிரித்த சிரிப்பை நான் முன்னே அவளிடம் கண்டதில்லை.

சீசனுக்கு இங்கே வந்து கடலோரம் குடிசை போட்டுத் தங்கும் வெளியூர் மீனவக் குடும்பங்களிடம் நான் கற்றது ஒன்று உண்டு. வலையும் பாத்திரமும் படுக்கையும் போக அவர்கள் மூட்டையில் இடம் மிகக் குறைவு. அந்த இடத்திலும் ஒரு சின்ன டப்பா வரும். சாமி படம், பிள்ளையின் முதல் கொலுசு, இறந்தவர் போட்டோ. வந்து இறங்கியதும் அதுதான் முதலில் குடிசைக்குள் போகும். எது முக்கியம் என்று அவர்களுக்கு முடிவாகத் தெரியும். நாமும் நம் வீட்டில் அப்படி ஒரு டப்பா அளவுக்குத் தேர்ந்து வைத்தால், புயல் அறிவிப்பு வந்ததும் ரேஷன் அட்டையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

ஐப்பசி பிறப்பதற்குள் அந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. நல்ல வெயில் நாளாகப் பார்த்துப் பெட்டியை இறக்குங்கள். பட்டை நிழலில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி, வசம்பைத் துணியில் முடிந்து உள்ளே போடுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. கருப்பு வெள்ளைப் படங்களைப் பிளாஸ்டிக் உறையில் போடும் முன், பின்பக்கத்தில் யார் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை ஈரம் பட்டால் ஓடிவிடும். எழுதும்போது நம் பெண்கள் எல்லார் பெயரையும் எழுதிவிட்டுத் தங்களுக்கு மட்டும் 'நான்' என்று போடுகிறார்கள். பேரன் பேத்திக்கு அது யாரென்று எப்படித் தெரியும்? உங்கள் பெயரையும் முழுசாக எழுதுங்கள்.