தடுப்பூசி: எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது?



2017 பிப்ரவரியில் தமிழகப் பள்ளிகளில் நடந்த தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் பலருக்கும் நினைவிருக்கும். 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்கான முகாம் அது. ஆனால் ஊசிக்கு முன்பே வாட்ஸ்அப் வதந்தி வீடுகளுக்கு வந்துவிட்டது. பல பெற்றோர் பயந்து மறுத்தார்கள். அந்த மாதத்தோடு முடிய வேண்டிய முகாம் மார்ச் மாதத்துக்கும் நீண்டது.

இன்றும் தாய்மார்கள் நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். இது பிள்ளைக்கு ஆபத்தா? இது ஹலாலா? இரண்டும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்க முடியாது.

ஆபத்தா என்பதை மருத்துவ அறிவியலிடம்தான் கேட்க வேண்டும். ஒரே ஒரு டாக்டரின் பேச்சு அறிவியல் ஆகிவிடாது. 1998-ல் லண்டனில் வேக்ஃபீல்ட் என்ற டாக்டர் 12 குழந்தைகளை மட்டும் வைத்து, தட்டம்மை சேர்ந்த எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார். மற்ற ஆய்வாளர்கள் சோதித்தார்கள், அது நிற்கவில்லை. வெளியிட்ட இதழே 2010-ல் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019-ல் வந்தது. ஊசியால் ஆட்டிசம் கூடவில்லை. பல நாட்டவர், ஒருவர் தவற்றை ஒருவர் பிடித்து, கடைசியில் ஒரே முடிவுக்கு வருவதைத்தான் அறிவியலின் ஒருமித்த கருத்து என்கிறோம். ஃபார்வர்டு மெசேஜை அப்படிச் சோதித்தவர் யார்?

ஹலாலா என்பதை உலமாக்களிடம் கேட்போம். 2018-ல் இந்தோனேசிய உலமா கவுன்சில், இந்தியாவில் தயாரான இதே தட்டம்மை–ரூபெல்லா ஊசியை ஆராய்ந்தது. தயாரிப்பில் பன்றி சார்ந்த பொருள் பயன்பட்டிருப்பதை அவர்கள் மறைக்கவில்லை. ஆனாலும் நிர்ப்பந்தம் இருப்பதாலும், வேறு ஹலால் ஊசி கிடைக்காததாலும், போடாவிட்டால் வரும் ஆபத்தை நம்பகமான நிபுணர்கள் சொன்னதாலும் அனுமதித்தார்கள். நோயின் ஆபத்தை அறிய அந்த உலமாக்களும் மருத்துவ நிபுணர்களிடம்தான் போனார்கள் என்பதைக் கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள்.

நம் ஹாஜிகள் மூளைக்காய்ச்சல் ஊசி போடாமல் புறப்படுவதில்லை. அதைக் கேட்பது சவூதி அரசே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதானே நமக்குக் கற்றுத் தரப்பட்டது?

பாதுகாப்பு இல்லாத 10 பேர் தட்டம்மை நோயாளியின் அருகில் இருந்தால் 9 பேருக்குத் தொற்றும். ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுக் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். 9 மாதம் ஆகாத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நம் பிள்ளை போட்டுக்கொள்ளும் ஊசியே காவல்.

முதல் தவணை 9 மாதம் முடிந்ததும். இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். போட்டபின் லேசான காய்ச்சல் வரலாம். கடும் ஒவ்வாமை மிக அரிது. அதனால்தான் அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். பிள்ளையின் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பாருங்கள். ஒரு தவணை விட்டுப்போயிருந்தால் தயங்காமல் போய்க் கேளுங்கள்.