இருமுறை வீழ்ந்த ஒரு மோட்டார் சைக்கிள் ஸ்தாபனம்

ஹார்லி டேவிட்ஸன் கம்பெனியால் உலகப் பிரசித்தி பெற்ற மில்வாக்கி நகருக்குத் தென்மேற்கே, அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாகாணத்தில், ஈஸ்ட் ட்ராய் என்ற சிற்றூர் ஒன்று இருக்கிறது. பந்தய மைதானத்துக்கென்றே பிறந்தவை போலத் தோன்றும், முன்னோக்கிக் குனிந்து அமர்ந்து ஓட்ட வேண்டிய ‘ஸ்போர்ட் பைக்’ ரக வண்டிகளை ஜப்பானும் இத்தாலியும் மட்டும்தான் செய்ய வேண்டுமா, அமெரிக்க மண்ணிலேயே அவற்றைச் சிருஷ்டிக்க முடியாதா என்ற கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாக அளிக்க முனைந்த எரிக் பியூயல் என்ற என்ஜினீயரின் தொழிற்சாலை அந்த ஊரில்தான் நடந்தது. 2009 அக்டோபரில் ஒருமுறையும், 2015 ஏப்ரலில் மறுமுறையும் அவருடைய முயற்சி அங்கே சரிந்து விழுந்தது. இரண்டு சந்தர்ப்பங்களிலும் வண்டியின் தரக்குறைவு பிரதான காரணம் அல்ல என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். காரணம் எங்கே இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், அவர் யாரிடம் பணம் பெற்றார் என்பதையும், அதற்கு முன்பாக அவர் எத்தகைய யந்திரத்தை உருவாக்கினார் என்பதையும் சற்று நெருங்கிச் சென்று பார்க்க வேண்டும்.

பகலில் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்காக உழைத்துக்கொண்டே பிட்ஸ்பர்க் சர்வகலாசாலையின் இரவு வகுப்புகளில் படித்துப் பட்டம் பெற்ற பியூயல், ஹார்லி டேவிட்ஸனில் என்ஜினீயராகச் சேர்ந்தார். 1983-இல் அந்த உத்தியோகத்தை விட்டு விலகி, ஆர்.டபிள்யூ. 750 என்ற பந்தய வண்டியை நிர்மாணிப்பதில் இறங்கினார். அது விற்பனைக்கு ஆயத்தமான தறுவாயில், எந்தப் பந்தயப் பிரிவை உத்தேசித்து அதைச் செய்தாரோ அந்தப் பிரிவையே அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் ரத்து செய்துவிட்டது. மனம் தளராமல், ஹார்லியிடம் மிஞ்சிக் கிடந்த எக்ஸ்.ஆர். 1000 இஞ்சின்களை வாங்கி, தாமே வகுத்த சட்டத்தில் பொருத்தி, 1987-இல் ஆர்.ஆர். 1000 என்ற வண்டியை வெளியிட்டார். சுமார் ஐம்பது வண்டிகளே தயாராயின. ஆனால் அவருடைய சிந்தனைப் போக்கு முழுவதும் அந்த ஐம்பதிலேயே வெளிப்பட்டுவிட்டது.

அந்தச் சிந்தனை முற்றிக் கனிந்தது 2002-இல் வந்த ‘ஃபயர்போல்ட்’ வண்டியில்தான். சாதாரண மோட்டார் சைக்கிளில், ஓட்டுபவரின் முழங்கால்களுக்கு நடுவே பெட்ரோல் டாங்க் மேடாக உட்கார்ந்திருக்கும் அல்லவா? பியூயலின் வண்டியில் அந்த மேடு காற்று வடிகட்டிக்கான வெறும் மூடியே. பெட்ரோலோ, இஞ்சினை இரு பக்கமும் அணைத்து நிற்கும் தடித்த அலுமினியச் சட்டத்தின் உட்குழிவில் நிரம்பியிருந்தது. பின் சக்கரத்தைத் தாங்கும் ‘ஸ்விங் ஆர்ம்’ என்ற கைக்குள்ளே இஞ்சின் ஆயிலை வைத்தார். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சைலன்சரை இஞ்சினுக்கு அடியில் கொண்டுபோய் ஒளித்தார். இத்தனையும் விசித்திரத்துக்காகச் செய்தவை அல்ல. இடுப்பில் வைத்த குடத்தோடு சட்டென்று திரும்பிவிடலாம், அதே குடத்தைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு திரும்பினால் உடம்பு தள்ளாடும். பாரங்கள் அனைத்தையும் வண்டியின் நடுமையத்தை ஒட்டியே குவித்துவிட்டால், வளைவுகளில் அது ஓட்டுபவரின் எண்ணத்துக்கு உடனுக்குடன் இணங்கும் என்பதே அவர் கொண்ட தத்துவம்.

முன் சக்கரத்தின் பிரேக் இன்னும் அபூர்வமானது. மற்ற வண்டிகளில் சக்கரத்தின் மையத்தை ஒட்டி இரு புறமும் இரண்டு டிஸ்குகள் இருக்கும். பிரேக்கைப் பிடிக்கும்போது எழும் விசை மையத்திலிருந்து ஆரக்கால்களின் வழியாக விளிம்புக்குப் போய்ச் சேரவேண்டியிருப்பதால், அந்த ஆரக்கால்கள் முறுக்கத்தைத் தாங்கும்படி தடிமனாக இருந்தே தீரவேண்டும். பியூயல் ஒரே ஒரு பெரிய டிஸ்கைச் செய்து, அதைச் சக்கரத்தின் விளிம்பிலேயே நேராகப் பிணைத்தார். விசை விளிம்பிலேயே பிறந்து விளிம்பிலேயே அடங்கிவிடுவதால் ஆரக்கால்களை மெலிதாக்க முடிந்தது, சக்கரம் இலேசாயிற்று, சக்கரம் இலேசானால் மேடுபள்ளங்களில் டயர் தரையை விட்டு எழும்பாமல் பற்றிக்கொண்டே உருளும். பெரிய கம்பெனிகள் பொதுவாக இந்த முறையைப் பின்பற்றவில்லை. ஆயினும், பழகிவிட்ட ஓர் உறுப்பை ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ என்று அடிப்படையிலிருந்து கேட்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? அந்தக் கேள்வியை ஒவ்வோர் உறுப்பிடமும் அவர் கேட்டார் என்பதற்காகவே அந்த மனிதரிடம் எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு.

இத்தகைய பரிசோதனைகளுக்குப் பெருந்தனம் வேண்டும். 1993-இல் ஹார்லி டேவிட்ஸன் அவருடைய கம்பெனியில் 49 சதவீதப் பங்கை வாங்கியது. 1998-இல் பெரும்பான்மைப் பங்கும், 2003-இல் முழு உரிமையும் அதன் கைக்குப் போயின. பணமும் தொழிற்சாலையும் கிடைத்தன. அவற்றோடு இரண்டு விலங்குகளும் வந்து சேர்ந்தன. நெடுஞ்சாலையில் நிதானமாகச் சாய்ந்து செல்லும் கனத்த ‘க்ரூஸர்’ வண்டிகளைத் தேடி வருபவர்களுக்கென அமைந்த ஹார்லி ஷோரூம்களில், வளைவுகளில் பாய்ந்து திரும்பும் பியூயல் வண்டி ஓர் ஓரத்தில் நிற்க வேண்டியதாயிற்று. இஞ்சினும் ஹார்லியின் காற்றுக் குளிர்விப்பு வம்சத்தைச் சேர்ந்ததாகவே நெடுங்காலம் நீடித்தது. நீர்க் குளிர்விப்போடு அதிவேகத்தில் சுழன்ற ஜப்பானிய இஞ்சின்களோடு அது சக்தியில் போட்டியிட இயலவில்லை. ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் கம்பெனி செய்து கொடுத்த நீர்க் குளிர்விப்பு இஞ்சினோடு 1125ஆர் என்ற வண்டி வந்தது 2007-இல்; உலகப் பொருளாதார நெருக்கடி அடுத்த ஆண்டே வந்துவிட்டது.

2009-இல் அந்த வண்டியை ஓட்டி டேனி எஸ்லிக் என்ற வீரர் அமெரிக்காவின் டேடோனா ஸ்போர்ட் பைக் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி, தன் சொந்தப் பெயர் தாங்கிய வண்டிகளிலேயே முழுக் கவனம் செலுத்தப்போவதாகச் சொல்லி, பியூயல் பிரிவை நிறுத்துவதாக ஹார்லி டேவிட்ஸன் அறிவித்தது. அதுவரை 1,35,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்திருந்தன. தம் வாடிக்கையாளர்களிடம் விடைபெறும் வீடியோவில் பியூயல் கண் கலங்கிப் பேசினார்.

சில வாரங்களிலேயே ‘எரிக் பியூயல் ரேஸிங்’ என்ற புது ஸ்தாபனத்தை அதே ஊரில் தொடங்கியதை என்னவென்று சொல்வது! வெகு சொற்ப எண்ணிக்கையில் 1190ஆர்.எஸ். என்ற உயர்ந்த விலை வண்டியைச் செய்துகொண்டிருந்த அந்தச் சிறு ஸ்தாபனத்துக்கு, இந்தியாவிலிருந்து ஒரு துணை கிடைத்தது. ஜப்பானிய ஹோண்டாவோடு ஏறத்தாழ கால் நூற்றாண்டு இணைந்திருந்து பிரிந்த ஹீரோ கம்பெனிக்கு, இனிமேல் சொந்தத் தொழில்நுட்பம் தேவைப்பட்டது. பியூயலுக்கு மூலதனம் தேவைப்பட்டது. 2013 ஜூலையில் இரண்டரைக் கோடி டாலர் கொடுத்து 49.2 சதவீதப் பங்கை ஹீரோ மோட்டோகார்ப் வாங்கியது. பியூயலின் குழுவோடு சேர்ந்து வகுத்த எச்.எக்ஸ். 250ஆர் வண்டியை 2014 டில்லி கண்காட்சியில் கண்டு பரவசப்பட்ட நம் இளைஞர்கள் அதைத் தெருவில் காணும் நாளை எதிர்பார்த்திருந்தார்கள்.

பணம் வந்தவுடன் பியூயல் செய்தது அளவுக்கு மிஞ்சிய சாகஸம் என்று சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. 185 குதிரைசக்தி கொண்ட 1190ஆர்.எக்ஸ். வண்டியை ஏறக்குறைய 19,000 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்ததும், டீலர் வலையமைப்பைப் பூஜ்யத்திலிருந்து கட்டியதும், உலக சூப்பர்பைக் பந்தயத்தில் கோஷ்டி இறக்கியதும் ஒரே காலத்தில் நடந்தன. அந்த வகுப்பில் பேர்பெற்ற ஜப்பானிய வண்டிகளோ பல ஆயிரம் டாலர் குறைவாகக் கிடைத்தன. பந்தயத்திலோ, ஆண்டுக்கணக்கில் பண்பட்ட கோஷ்டிகளுக்கு எதிரே புள்ளிப் பட்டியலின் அடிமட்டத்தைத் தாண்ட இயலவில்லை. புதிதாக வந்த கம்பெனி நாளைக்கு இருக்குமா, உதிரிப் பாகம் கிடைக்குமா என்று வாங்குபவர் தயங்குவது இயற்கை. அந்தத் தயக்கம் விற்பனையைக் குறைத்தது, குறைந்த விற்பனை தயக்கத்தை நியாயப்படுத்தியது.

2015 ஏப்ரல் 15-ஆம் தேதி பாக்டரி நின்றது. புது முதலீடு கிடைக்காததால், கடன்காரர்களுக்காகச் சொத்துகளை நீதிமன்றப் பொறுப்பில் ஒப்படைக்கும் விஸ்கான்ஸின் சட்டப்படி கம்பெனி விண்ணப்பித்தது. கடன் சுமார் 2 கோடி டாலர். சொத்து சுமார் 1 கோடியே 40 லட்சம். நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளிகள் வேலை இழந்தார்கள். ஹீரோவுக்காக நடந்துவந்த ஆலோசனைப் பணிகளின் சொத்துகளை 28 லட்சம் டாலருக்கு ஹீரோவே வாங்கிக்கொண்டது, எச்.எக்ஸ். 250ஆர் கடைசிவரை சந்தைக்கு வரவே இல்லை.

திறமையில் குறை இல்லாத ஒருவர், முதலில் ஹார்லியையும் பிறகு ஹீரோவையும், அதாவது தனக்கென்று வேறு முன்னுரிமைகள் கொண்ட ஒரே பெரிய துணைவனின் பணப்பையைச் சார்ந்து நின்றதுதான் இரு வீழ்ச்சிகளின் பொது வேர் என்று நான் கருதுகிறேன். பெரிய கம்பெனிக்குப் பியூயலின் முயற்சி பல கணக்குகளில் ஒரு கணக்கு. ஈஸ்ட் ட்ராயில் அதுவே ஜீவன்.

சொத்துகளை ஏலத்தில் வாங்கிய ஒரு கலைப்பு நிறுவனம் 2016-இல் உற்பத்தியைத் திரும்பவும் தொடங்கி, 2017 ஜனவரியில் நிறுத்தியது. 2021 முதல் மிச்சிகன் மாகாணத்தின் கிராண்ட் ராபிட்ஸ் நகரிலிருந்து ‘பியூயல்’ என்ற பெயரிலேயே வண்டிகள் மறுபடியும் வருகின்றன. 1190 இஞ்சினும், பெட்ரோல் நிரம்பிய சட்டமும், விளிம்பில் பிணைத்த டிஸ்கும் அவற்றில் அப்படியே இருக்கின்றன. ஆனால் அந்த ஸ்தாபனத்தை நடத்துபவர் எரிக் பியூயல் அல்ல.